ராஜஸ்தான் கோட்டை ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? அறை பிடிப்பது முதல் பில் கட்டுவது வரை

சாதாரண ஹோட்டலில் 204-க்கும் 304-க்கும் ஒரு மாடிதான் வித்தியாசம். பழைய கோட்டையை ஹோட்டலாக்கிய இடத்தில் அப்படிக் கிடையாது. ஓர் அறை தாக்கூர், அதாவது அந்த ஊர்ச் சிற்றரசர், விருந்தாளிகளை உட்கார வைத்துப் பேசிய மண்டபமாக இருந்திருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது தானியம் கொட்டி வைத்த அறையாக இருந்திருக்கும். இணையத்தில் இரண்டுமே 'ஹெரிடேஜ் ரூம்' என்று ஒரே பெயரில், சில நேரம் ஒரே வாடகையில் கிடக்கும். முதல் தடவை போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நீங்கள் பதிவு செய்வது ஹோட்டலை இல்லை, ஓர் அறையை. கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருவதுதான்.

1. அது நிஜமாகவே பழைய கட்டடமா என்று பாருங்கள்

பெயரில் 'ஃபோர்ட்', 'பேலஸ்', 'ஹவேலி' (மாளிகை), 'கர்' (கோட்டை) என்று இருப்பது எதற்கும் சான்று இல்லை. போன பத்தாண்டில் மணற்கல் ஒட்டிக் கட்டிய புதுக் கட்டடங்களுக்கும் அதே பெயர்களைத்தான் வைக்கிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ் ஹோட்டல்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. 1950-க்கு முன் கட்டிய, குறைந்தது 5 அறைகள் உள்ள கட்டடம் 'ஹெரிடேஜ்'. 1935-க்கு முன் கட்டி, குறைந்தது 15 அறைகள் இருந்தால் 'ஹெரிடேஜ் கிளாசிக்'. அதே வயது, அதே அறை எண்ணிக்கை, வசதி இன்னும் கூடுதல் என்றால் 'ஹெரிடேஜ் கிராண்ட்'. இந்தச் சான்றிதழை வாங்காத நல்ல கோட்டைகளும் உண்டு. ஆகவே போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டடம் எந்த ஆண்டு? நான் தங்கப்போகும் அறை பழைய பகுதியிலா, பின்னால் சேர்த்த பகுதியிலா? கோட்டை 1700-களில் கட்டியதாக இருக்கும். உங்கள் அறை பத்து வருஷத்துக்கு முன் தோட்டத்தில் கட்டியதாக இருக்கும்.

இன்னொரு குழப்பம். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ராஜஸ்தான் மலைக்கோட்டைகள் ஆறு. சித்தோர்கர், கும்பல்கர், ரண்தம்போர், காக்ரோன், ஆமேர், ஜெய்சல்மேர். 'கும்பல்கர்' என்று பெயரில் வைத்திருக்கும் ஹோட்டல்கள் அந்தக் கோட்டைக்கு வெளியே, காட்டோரத்தில் இருக்கின்றன. கோட்டைக்குள் படுத்துத் தூங்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே கோட்டைக்குள்ளேயே விடுதிகள் உண்டு. ஆனால் குளியலறைத் தண்ணீர் அடியில் இறங்கி அந்தக் கோட்டையின் அடித்தளத்தைக் கரைக்கிறது; கொத்தளங்கள் சரிந்தும் இருக்கின்றன. அங்கே மதிலுக்கு வெளியே, கோட்டை கண்ணில் படுகிற மாதிரி ஒரு மொட்டைமாடி உள்ள இடமாகப் பிடியுங்கள். காட்சியும் வெளியிலிருந்துதான் நன்றாக இருக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்குத் தோதானவை எவை? டெல்லியிலிருந்து சுமார் 120 கி.மீ. தூரத்தில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் நீம்ரானா (1464-இல் தொடங்கிய கோட்டை, 1991 முதல் ஹோட்டல்), ஜெய்ப்பூரிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தில் சமோத், சேகாவதி பகுதியில் மண்டாவா, ஜோத்பூருக்கும் நாகோருக்கும் இடையே கிம்சர். உதய்பூர் லேக் பேலஸ், ஜோத்பூர் உமைத் பவன், ஜெய்ப்பூர் ராம்பாக் எல்லாம் வேறு ரகம். அவை அரண்மனைகள், கோட்டைகள் அல்ல. உமைத் பவன் 1943-இல்தான் முடிந்தது. நட்சத்திர ஹோட்டல் நிர்வாகம், லிஃப்ட், எல்லாம் ஒழுங்கு, வாடகையும் அதற்கேற்ப. கரடுமுரடான பழைய கோட்டை அனுபவம்தான் வேண்டும் என்றால் அங்கே கிடைக்காது.

2. தேதியைக் கல்யாணத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன் என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தக் கோட்டைகளின் பெரிய வருமானம் கல்யாணம். முகூர்த்த நாளில் முழுக் கோட்டையையும் ஒரே குடும்பம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் பாதியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் பந்தல் போட்டுவிடும். வெளியில் ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பது சட்டம். மண்டபத்துக்குள் நடப்பதும், விடியற்காலை ஐந்து மணிக்குப் பந்தல் பிரிக்கும் இரும்புக் குழாய்ச் சத்தமும் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை.

நமக்கு மார்கழியில் கல்யாணம் இல்லாதது போல அவர்களுக்கும் அதே மாதம் இல்லை, 'கர்மாஸ்' என்பார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 14 வரை. இதில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெரிசல் டிசம்பர் 20 முதல் ஜனவரி 4 வரை. அதைக் கழித்தால் ஜனவரி 5-லிருந்து 13 வரை ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. கூட்டமும் இல்லை, கல்யாணமும் இல்லை. குளிர் மட்டும் கடுமை. சேகாவதியில் இரவு வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும். டெல்லிப் பக்கம் மூடுபனியில் ரயிலும் விமானமும் தாமதமாகும். அந்த நாட்களில் டெல்லி வழியே போகாமல் நேரே ஜெய்ப்பூரோ உதய்பூரோ இறங்குவது நல்லது.

குளிர் வேண்டாம் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். சாதுர்மாதம் என்ற நான்கு மாத விரத காலம் என்பதால் அப்போதும் அங்கே கல்யாணம் கிடையாது. உதய்பூர் ஏரியில் தண்ணீர் இருக்கும், வாடகை இறங்கியிருக்கும். பூச்சியும் புழுக்கமும் இருக்கும். மே, ஜூனில் 45 டிகிரி. தடித்த கல்சுவர் பகல் முழுக்க வெயில் குடித்துவிட்டு ராத்திரி உள்ளே விடும். ஏ.சி. இல்லாத அறையை அந்த மாதங்களில் தொடாதீர்கள்.

3. அறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

கோட்டைகளில் பெரும்பாலும் அறைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். முன்பதிவுத் தளத்தில் வகை மட்டும் தெரியும். ஆகவே தளத்தில் பார்த்துவிட்டு, பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் செய்து, இந்த வாடகையில் எந்தெந்தப் பெயருள்ள அறைகள் என்று கேளுங்கள். அறைக் கதவில் தொடங்கி குளியலறை வரை ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்புவார்கள். வீடியோவில் பார்க்க வேண்டியவை:

படிகள். காரிலிருந்து வரவேற்பு வரை எத்தனை, வரவேற்பிலிருந்து அறைக்கு எத்தனை, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'கொஞ்சம் படி இருக்கு' என்ற பதிலை ஏற்காதீர்கள். எதிரி வேகமாக ஏறி வரக் கூடாது என்று கட்டிய படிகள் அவை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம், சில இடத்தில் முழங்கால் அளவுக்கு வரும், கைப்பிடி இருக்காது. லிஃப்ட் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முட்டி வலி உள்ள பெற்றோரோடு போகிறீர்கள் என்றால், அறையும் சாப்பாட்டுக் கூடமும் ஒரே மட்டத்தில் உள்ள கோட்டையாகத் தேடுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் 60 படி ஏறி இறங்க வேண்டியிருந்தால் இரண்டாம் நாள் அவர்கள் அறையை விட்டே வர மாட்டார்கள்.

ஜன்னல். அந்தப்புரப் பகுதியில் உள்ள அறைகளுக்கு, அதாவது 'ஜனானா' பக்கம், வெளியே பார்க்கக் கல் ஜாலி, அதாவது துளையிட்ட கல் தடுப்பு, மட்டும் இருக்கும். அழகுதான். ஆனால் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். வெளிச்சமும் காட்சியும் வேண்டுமென்றால் ஜரோகா உள்ள அறை கேளுங்கள். அது சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் சின்ன மாடம். குழந்தைகள் இருந்தால் அந்த மாடத்தின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். தரையில் திண்டு போட்டு உட்கார்வதற்காகக் கட்டியது அது. இரண்டடிதான் இருக்கும் இடங்கள் உண்டு.

குளியலறை. பழைய அறையில் குளியலறை பின்னால் நுழைத்ததுதான். சிலவற்றில் நாலு படி இறங்கிப் போக வேண்டும். சிலவற்றில் கதவே இல்லாமல் திரை தொங்கும். கீசர் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். 15 லிட்டர் என்றால் இரண்டாவது ஆள் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். படத்தில் காட்டும் பெரிய பளிங்குத் தொட்டியை அந்தக் கீசர் நிரப்பவே செய்யாது.

டிசம்பர், ஜனவரி என்றால் ஹீட்டர் வாடகையில் சேர்ந்ததா, தனிக்காசா என்றும் கேட்டுவிடுங்கள். உயரமான குவிமாடக் கூரை உள்ள அறையில் ஒரு சின்ன ஹீட்டர் போதாது, சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்காலத்தில் கூரை தாழ்ந்த சின்ன அறையே சுகம்.

4. உணவுத் திட்டம்: இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி.

இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி.யில் காலைச் சிற்றுண்டி சேரும். எம்.ஏ.பி.யில் அதோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவு. ஏ.பி. மூன்று வேளையும். நகரத்துக்குள் இருக்கும் கோட்டைக்கு சி.பி. போதும். மண்டாவா, கிம்சர் மாதிரி இடங்களில் இருட்டியபின் வெளியே போய்ச் சாப்பிட அதிக வழியில்லை, அங்கே எம்.ஏ.பி. எடுங்கள். டிசம்பர் 24, 31 இரவுகளுக்கு 'காலா டின்னர்' என்ற சிறப்பு விருந்து கட்டாயம் என்று ஆளுக்குப் பல ஆயிரம் தனியாகச் சேர்ப்பது வழக்கம். முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் இது இருக்காது.

5. 7,500 ரூபாய் வரம்பைத் தாண்டுமுன் கணக்குப் போடுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் 18. கோட்டை ஹோட்டல்களின் வாடகை இந்த வரம்புக்கு இரண்டு பக்கமும் ஊசலாடுகிறது என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

7,500 ரூபாய் அறைக்கு வரி 375, மொத்தம் 7,875. 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. வாடகை கூடியது நூறு ரூபாய், உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 1,093.

சிற்றுண்டியை வாடகையோடு சேர்க்கும்போதும் இது கடிக்கும். அறை மட்டும் 7,400, சிற்றுண்டியோடு 7,900 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து எடுத்தால் வரியோடு 9,322. அறையை மட்டும் எடுத்தால் 7,770, இரண்டு பேர் தலா 500 ரூபாய்க்குச் சாப்பிட்டு, அதற்கு 18 சதவீதமே போட்டாலும் 1,180, மொத்தம் 8,950. கூடுதல் படுக்கையும் இப்படித்தான் வாடகையோடு சேர்ந்து வரம்பைத் தாண்ட வைக்கும். 'வரியெல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை என்ன?' என்று கேட்டு, அந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கும் ஒரு விதி இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் ஓர் அறையையாவது 7,500-க்கு மேல் விற்ற ஹோட்டல் என்றால், அதன் உணவகத்தில் உங்கள் டீக்கும் 18 சதவீதம்தான், நீங்கள் தங்கியிருக்கும் அறை மலிவானதாக இருந்தாலும்.

6. பணம் அனுப்பும் முன்

தேடலில் முதலில் வரும் போன் எண்ணை நம்பாதீர்கள். பெரிய ஹோட்டல்களின் பெயரில் போலி எண்களும் போலித் தளங்களும் நிறைய உலவுகின்றன. ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். யு.பி.ஐ.யில் பணம் போடும்போது திரையில் வரும் பெயர் ஹோட்டலுடையதாகவோ அதை நடத்தும் நிறுவனத்துடையதாகவோ இருக்க வேண்டும். தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிறகு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அறையின் பெயர், தேதி, ஆட்கள், குழந்தைகளின் வயது, உணவுத் திட்டம், வரியோடு சேர்த்த தொகை, கட்டிய முன்பணம், ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும் என்று வரிசையாக எழுதி, 'சரி' என்று பதில் வாங்குங்கள். முக்கியமான வரி ஒன்று விடுபடக் கூடாது: அந்தத் தேதியில் கல்யாணமோ நிகழ்ச்சியோ உண்டா, பின்னால் யாராவது முழு ஹோட்டலையும் எடுத்தால் எனக்கு முழுப்பணம் திரும்புமா? வேறு ஹோட்டலுக்கு மாற்றுகிறோம் என்று கடைசி நேரத்தில் சொன்னால், கையில் பிடித்துக்கொள்ள இந்தப் பதில்தான் இருக்கும்.

சீசனில் இரண்டு, மூன்று மாதம் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கிடைக்காத மலிவுக் கட்டணத்தை ரயில் டிக்கெட் உறுதியாகும் வரை எடுக்க வேண்டாம்.

7. ஆவணங்கள்

தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முகவரியோடு கூடிய புகைப்பட அடையாள அட்டை வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. பான் அட்டையில் முகவரி இல்லாததால் ஏற்க மாட்டார்கள். குழந்தைகளுக்கு ஆதார் எடுத்துப்போவது வயதுத் தகராறைத் தவிர்க்கும். 5 வயதா, 6 வயதா என்பதில் கூடுதல் படுக்கைக் காசு நிற்கிறது. நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்; ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அசல் பாஸ்போர்ட்டும் விசாவும் காட்ட வேண்டும். ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரங்களை அரசிடம் பதிய வேண்டும் என்பதால் வாங்கி ஸ்கேன் செய்வார்கள். ஸ்கேன் முடியும் வரை அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க வரவேற்பில் விட்டுவைக்க வேண்டியதில்லை.

8. போய்ச் சேர்வது

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு வாரத்தில் சில நாள் நேரடி ரயில் உண்டு. இரண்டு இரவுப் பயணம். ஜோத்பூர் பக்கம் போகும் சில ரயில்கள் பகத் கி கோட்டியோடு நின்றுவிடும். அது ஜோத்பூரின் இன்னொரு நிலையம், காரை அங்கேயே வரச் சொல்லுங்கள்.

கடைசி 40, 50 கிலோமீட்டருக்கு ஆப் வழியாக வண்டி கிடைக்கும், ஆனால் திரும்பி வரக் கிடைக்காது. போக வர ஒரே வண்டியைப் பேசுங்கள். இரவு வண்டி நிற்கும் என்றால் ஓட்டுநருக்குத் தங்க இடம் உண்டா என்று ஹோட்டலிடம் கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் குளிரில் அவர் காரில் படுப்பார், மறுநாள் 200 கி.மீ. அவர்தான் ஓட்ட வேண்டும். இருட்டும் முன் போய்ச் சேர்வது போல் கிளம்புங்கள். கோட்டைக்குப் போகும் கடைசிச் சந்து ஊருக்குள் வளைந்து போகும், பெரிய வண்டி திரும்பாது.

ரயில் காலை 6 மணிக்கு வரும், அறை மதியம் 2 மணிக்குத்தான் கொடுப்பார்கள். குளித்து உடை மாற்ற இடம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.

9. பையில்

ஒரு பெரிய பெட்டி வேண்டாம், இரண்டு சின்னப் பைகளாகப் பிரியுங்கள். 25 கிலோ பெட்டியை ஓர் ஆள் தலையில் வைத்து அந்தப் படிகளில் ஏற்றுகிறார். டார்ச், பிடிமானமுள்ள காலணி, எக்ஸ்டென்ஷன் பெட்டி, காதில் வைக்கப் பஞ்சு. மூன்றடிச் சுவருக்குள் சிக்னல் வராது, முற்றத்துக்கு வந்தால்தான் போன் பேசலாம். எனவே டிக்கெட், வரைபடம் எல்லாம் போனில் முன்பே இறக்கி வையுங்கள். மாத்திரைகளைத் தேவைக்கு மேல் இரண்டு நாளுக்கு எடுங்கள்.

10. அறைக்குள் முதல் கால்மணி நேரம்

பெட்டியைத் திறக்கும் முன் வெந்நீர், ஏ.சி. அல்லது ஹீட்டர், விளக்குகள், தாழ்ப்பாள் நான்கையும் போட்டுப் பாருங்கள். அறை மாற்ற வேண்டுமென்றால் அப்போதே கேட்டால்தான் நடக்கும்.

தாழ்ப்பாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல கோட்டைகளில் கதவு இரட்டைக் கதவு. வெளியே ஒரு இரும்புச் சங்கிலி தொங்கும். அதை மேல்சட்டத்தில் உள்ள வளையத்தில் மாட்டி, பித்தளைப் பூட்டுப் போட வேண்டும். உள்ளே ஆள் தூங்கும்போது இன்னொருவர் பழக்க தோஷத்தில் வெளியே பூட்டிவிட்டுப் போனால், உள்ளே இருப்பவர் திறக்க வழியே இல்லை, சிக்னலும் இருக்காது. யாராவது உள்ளே இருந்தால் சங்கிலியைத் தொடக் கூடாது என்று குடும்பத்தில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். நிலைக்கதவின் உயரம் ஐந்தடிக்கும் குறைவாக இருக்கும், வாசல்படி ஒரு சாண் மேலே நிற்கும். குனிய நினைவிருந்தால் காலைத் தூக்க மறந்துவிடும். இரவில் குளியலறை விளக்கை எரியவிட்டுத் தூங்குங்கள்.

குரங்கு வரும் ஊரா என்று பணியாளரிடம் கேளுங்கள். வருமென்றால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள், மொட்டைமாடியில் துணி காயப் போடாதீர்கள். சுவர் ஓவியங்களில் கையோ, முதுகோ, ஈரத்துண்டோ படக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சில் தீட்டியவை. ஈரம் பட்டால் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும், அந்த வேலையைத் திரும்பச் செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

சில கோட்டைகளில் பகலில் சுற்றிப் பார்க்க வெளியாட்களுக்கும் டிக்கெட் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே போய்வாருங்கள். மாலை அவர்கள் கிளம்பியபின் முற்றம் முழுக்க உங்களுக்குத்தான்.

11. பில்

கிளம்புவதற்கு முந்தைய இரவே பில்லின் வரைவைக் கேளுங்கள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது சரிபார்க்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது. டிப்ஸை அலுவலகப் பெட்டியில் போடுவதோடு நிறுத்தாமல், படிகளில் உங்கள் பைகளைச் சுமந்தவர் கையில் தனியாகக் கொடுங்கள். அவரிடமே காலையில் எத்தனை மணிக்குப் பை எடுக்க வர வேண்டும் என்றும் சொல்லுங்கள். அறையிலிருந்து கார் வரை பைகளோடு இறங்க இருபது நிமிடம் ஆகும், ரயிலுக்கான நேரத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.